அண்டை நாடுகளின் ஒத்துழைப்பு: சரக்கு வருகிறது, வித்தை வருகிறதா?

(போச்சம்பள்ளியில் தொழிலாளர்களும் விவசாயிகளும் கலந்துகொண்ட கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



“ஆசிய நாடுகளின் பொருளாதார, தொழில்நுணுக்க ஒத்துழைப்பு” என்று இன்றைய கூட்டத்தின் துண்டுப் பிரசுரத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். அதைப் படித்த விவசாயத் தோழர் ஒருவர், “இது டெல்லியில் கூடிப் பேசுகிறவர்களின் சங்கதி அல்லவா? போச்சம்பள்ளியில் இதற்கு என்ன வேலை?” என்று என்னைக் கேட்டார். நியாயமான கேள்விதான். பதில் எங்கேயோ இல்லை, நம் காலடியிலேயே கிடக்கிறது.

நம் சிப்காட் வளாகத்தில் மின்சார ஸ்கூட்டர் தயாராகிறது. 2020 டிசம்பரில் ஓலா கம்பெனி 2,400 கோடி ரூபாய் முதலீட்டுக்குத் தமிழ்நாட்டு சர்க்காருடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. 500 ஏக்கரில் தொழிற்சாலை எழுந்தது. முழுக்க முழுக்கப் பெண்களே வேலை செய்யும் தொழிற்சாலை என்று 2021-ல் உலகெங்கும் விளம்பரம் நடந்தது. மின்சார வண்டியை ஓட்டுவது மோட்டார். மோட்டாருக்கு உயிர் அதனுள் இருக்கும் காந்தம். அந்த ரகக் காந்தத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு சீனாவில் தயாராகிறது. இது ஒரு பக்கம். மறுபக்கம், கிருஷ்ணகிரியைத் தாண்டி ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் போனால் மல்பெரித் தோட்டங்கள் கண்ணில் படும். புழு வளர்ப்பு மனைகளில் வெள்ளை வெளேரென்று கூடு கட்டும் அந்தப் புழுவின் பாட்டன் பூட்டன் ஜப்பான்காரன்.

ஆகவே ஆசியாவின் பெரிய தொழில் நாடுகள் ஏற்கெனவே நம் வட்டாரத்துக்கு வந்து சேர்ந்துவிட்டன. நம்மை யாரும் கேட்டுக்கொண்டு வரவில்லை. வந்தது எந்த ரூபத்தில் வந்தது, நம் கையில் என்ன தங்கியது என்பதுதான் இன்று நாம் பார்க்க வேண்டியது.

பட்டிலிருந்து தொடங்குகிறேன். இங்கே கூடு வளர்க்கிறவர்கள் பலர் இருக்கிறீர்கள். நான் தவறாகச் சொன்னால் எழுந்து நின்று திருத்துவீர்கள்.

அந்தக் காலத்தில் நம் பக்கத்தில் வளர்ந்தது மைசூர்ப் புழு. வெயிலைத் தாங்கும், நோயைத் தாங்கும், வருஷம் முழுவதும் தலைமுறை தலைமுறையாக முட்டையிடும். ஆனால் கூடு சிறியது, இழை குட்டை. வெண்கூடு கட்டும் இனமோ குளிர்நாட்டுப் பிள்ளை. வருஷத்துக்கு இரண்டே தலைமுறை. குளிர்காலத்தை முட்டைக்குள்ளேயே உறங்கிக் கழிக்கும். கூடு தடித்தது. ஒரு கூட்டில் ஆயிரம் மீட்டர் அளவுக்கு இழை வரும். ஒரு கிலோ பட்டு நூற்க ஆறு, ஆறரைக் கிலோ வெண்கூடு போதும். கலப்பின மஞ்சள் கூடென்றால் எட்டுக் கிலோ வரை வேண்டும். நூலின் தரத்திலும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் உஷ்ணப் பிரதேசத்தில் வெண்பட்டு எடுபடாது என்று நிபுணர்களே நெடுங்காலம் சொல்லிவந்தார்கள்.

ஜப்பானியரை அழைத்துப் பட்டு வளர்க்கும் யோசனை இங்கே பழையது. 1890-களின் கடைசியில் ஜாம்ஷெட்ஜி டாட்டா பெங்களூரில் ஒரு பட்டுப் பண்ணை வைத்து, ஜப்பானிய நிபுணர்களைக் கொண்டு நடத்தினார். பின்னர் அந்தப் பண்ணை ரட்சண்ய சேனையிடம் கைமாறியது. ஒரு சீமானின் பண்ணையால் எவ்வளவு ஆகுமோ அவ்வளவு ஆயிற்று.

1991-ல் நடந்த காரியம் வேறு மாதிரியானது. மத்திய பட்டு வாரியமும், ஜப்பானிய சர்க்காரின் சர்வதேச ஒத்துழைப்பு ஸ்தாபனமான ஜைக்காவும் கூட்டாக ஒரு திட்டம் தொடங்கின. மைசூரில் உள்ள மத்திய பட்டு வளர்ப்பு ஆராய்ச்சிப் பயிற்சி நிலையம் அதற்குத் தலைமை இடம். 1997 வரை ஆராய்ச்சி. அதற்குப் பின் 2002 வரை, கண்டறிந்த முறைகள் குடியானவனின் மனையில் பலிக்கின்றனவா என்ற சோதனை. 2002 முதல் 2007 வரை கர்நாடகம், ஆந்திரம், தமிழ்நாடு மூன்றிலும் அதைப் பரப்பும் வேலை. மொத்தம் பதினாறு வருஷம்! இக்காலத்து ஒப்பந்தங்கள் கையெழுத்துப் போட்ட மறுமாதமே திறப்பு விழா கேட்கின்றன. பட்டுப்புழுவுக்கு அந்த அவசரம் தெரியாது.

அந்தப் பதினாறு வருஷத்தில் என்ன நடந்தது? ஜப்பானிலிருந்து வந்த கலப்பினங்களைப் பிரித்து, பொறுக்கி, நம் வெயிலுக்குப் பழக்கி, சி.எஸ்.ஆர்.2, சி.எஸ்.ஆர்.4 என்ற இனங்களை நம் விஞ்ஞானிகள் உருவாக்கினார்கள். இலை அதிகம் கொடுக்கும் வி-1 என்ற மல்பெரி ரகம் மைசூரிலிருந்து வந்தது. இளம்புழுவை முதல் இரண்டு பருவம் தனி மையத்தில் வளர்த்து, தேறிய பிறகு விவசாயியிடம் கொடுக்கும் ஏற்பாடு பரவியது. குடியிருக்கும் வீட்டின் மூலையில் புழுத் தட்டு வைப்பது போய், புழுவுக்கென்று தனி மனை வந்தது. ஒவ்வொரு வளர்ப்புக்கும் முன்னே மனையை மருந்தடித்துச் சுத்தம் செய்யும் பழக்கம் வந்தது. இலையை ஒவ்வொன்றாகக் கிள்ளி, நறுக்கி, தட்டுத் தட்டாகப் போடுவதற்குப் பதிலாகத் தண்டோடு வெட்டி அடுக்கில் பரப்பும் முறை வந்தது.

கடைசியாகச் சொன்னதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். இலை கிள்ளி, நறுக்கி, தட்டுத் தட்டாகப் போட்டு, எச்சம் வாரிய வேலையெல்லாம் பெரும்பாலும் யார் தலையில் விழுந்தது? பெண்கள் தலையில். நடுநிசியில் எழுந்து புழுவுக்கு இலை போட்ட மாமியார்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பார்கள். தண்டு முறை அவர்கள் முதுகுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுத்தது. தொழில்நுணுக்கம் என்றால் பளபளக்கும் யந்திரம் என்று மட்டும் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பெண்ணின் முதுகு நிமிர்வதும் தொழில்நுணுக்கம்தான்.

இன்று வெண்பட்டு உற்பத்தியில் தமிழ்நாடு முன்வரிசையில் நிற்கிறது. நம் மாவட்டத்துக்கு அதில் பெரிய பங்கு உண்டு. ஓசூரில் மத்திய பட்டு வாரியத்தின் மரபு வள மையம் இருக்கிறது; மல்பெரி ரகங்களையும் புழு இனங்களையும் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் விதைக் களஞ்சியம் அது. நாளைக்கு ஜப்பானோடு நமக்கு மனஸ்தாபம் வந்தாலும் அந்தக் களஞ்சியத்தின் கதவை டோக்கியோவிலிருந்து யாரும் சாத்த முடியாது. புழு நம்முடையது ஆகிவிட்டது. வளர்க்கும் வித்தை, பள்ளிக்கூடம் போகாத தாய்மார்களின் விரலில் இருக்கிறது.

ஜப்பான் தர்மத்துக்காகச் செய்ததா? இல்லை, தோழர்களே. ஒரு காலத்தில் உலகத்துக்கே பட்டு விற்ற நாடு அது. கூலி உயர்ந்து, செயற்கை இழை வந்து, அங்கே பட்டுத் தொழில் தேய்ந்துகொண்டிருந்தது. தன் வீட்டு அடுப்பு அணைகிற நேரத்தில் சமையல் பக்குவத்தை அடுத்த வீட்டுக்குச் சொல்லிக்கொடுப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை. இருக்கட்டும். எந்த நோக்கத்தோடு கொடுத்தாலும், கொடுத்ததை வாங்கி வைத்துக்கொள்ள இங்கே ஒரு பொதுத்துறை ஆராய்ச்சி நிலையம் இருந்தது, கிராமத்துக்குப் போகும் சர்க்கார் ஊழியர் இருந்தார், கற்றுக்கொள்ளக் குடியானவர் இருந்தார். மூன்றும் சேர்ந்ததால் காரியம் நடந்தது.

ஆனால் இந்தக் கதைக்கு இரண்டாம் பாகமும் உண்டு. ஜப்பானிய ஒத்துழைப்பில் விவசாயி வெண்கூடு வளர்க்கக் கற்றுக்கொண்டிருந்த அதே வருஷங்களில் மலிவான சீனப் பட்டு துறைமுகத்தில் வந்து குவிந்தது. 2003-ல் சர்க்கார் அதன்மேல் பொருள்குவிப்புத் தடுப்பு வரி போட நேர்ந்தது. அதன் பின்னரும் புத்தி வந்ததா? 2011 பட்ஜெட்டில் கச்சாப் பட்டின் இறக்குமதி வரியை 30 சதவிகிதத்திலிருந்து ஒரே வெட்டாக 5 சதவிகிதத்துக்கு இறக்கினார்கள். நம் விவசாயிகளும் எல்லை தாண்டிப் போய்க் கூடு விற்கும் ராமநகரம் சந்தையில் விலை சரிந்தது; கர்நாடக விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். 2013-ல் வரியை 15 சதவிகிதமாக உயர்த்தினார்கள். ஒரு கை பதினாறு வருஷம் பொறுமையாக நட்டது. மறு கை ஒரே பட்ஜெட்டில் பிடுங்கப் பார்த்தது. இரண்டும் ஒரே சர்க்காரின் கைகள்!

இங்கே ஒரு சங்கடத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். விவசாயிக்குக் கூட்டுக்கு விலை வேண்டும். காஞ்சிபுரத்திலும் ஆரணியிலும் தறியில் உட்கார்ந்திருக்கும் நெசவாளிக்கோ பாவு நூல் மலிவாக வேண்டும். விவசாயிகள் சங்கமும் நம் சங்கம், நெசவாளர் சங்கமும் நம் சங்கம். இறக்குமதி வரியை ஏற்று என்று ஒருவரும், இறக்கு என்று ஒருவரும் நம்மிடமே வந்து நின்றால் என்ன செய்வது? வரியை ஏற்றி இறக்கி இதைத் தீர்க்க முடியாது. டான்சில்க் கூட்டுறவு இணையமும், காஞ்சிபுரம் அண்ணா பட்டுப் பரிவர்த்தனைக் கூடமும் எதற்கு இருக்கின்றன? கூட்டை நியாய விலைக்கு வாங்கி, நூலை நியாய விலைக்கு நெசவாளிக்குக் கொடுத்து, இடையிலே வரும் நஷ்டத்தைச் சர்க்கார் ஏற்கட்டும். பெரிய கம்பெனிகளுக்கு நிலமும் மின்சாரமும் சலுகை விலையில் கொடுக்க முடிகிற கஜானாவுக்கு இது ஒரு சுமையா?

இனி, இந்த ஒத்துழைப்புப் பேச்சு எங்கே தொடங்கியது என்று கொஞ்சம் பின்னோக்கிப் பார்ப்போம். அதற்கும் நாம் வெகு தூரம் போக வேண்டாம், நீலகிரி போதும். ஆசியாவுக்கும் தூரக் கிழக்குக்குமான பொருளாதாரக் கமிஷன் ஒன்றை ஐக்கிய நாடுகள் சபை 1947-ல் அமைத்தது. எக்காஃபே என்று அதைச் சுருக்கிச் சொல்வார்கள். 1974-ல் அதற்கு எஸ்காப் என்று பெயர் மாறியது. அதன் மூன்றாவது கூட்டம் 1948 ஜூன் மாதம் உதகமண்டலத்தில் நடந்தது. நேரு வந்து துவக்கிவைத்தார். அதன் முதல் நிர்வாகச் செயலாளர் நம் தமிழ்நாட்டுப் பொருளாதார நிபுணர் பி.எஸ். லோகநாதன். அவருக்கு அடுத்து அந்தப் பதவிக்கு வந்த சி.வி. நரசிம்மனும் தமிழரே.

உதகமண்டலத்தில் என்ன தகராறு தெரியுமா? டச்சுக்காரனை எதிர்த்துப் போராடிக்கொண்டிருந்த இந்தோனேசியக் குடியரசுக்கு இந்தச் சபையில் இடம் உண்டா இல்லையா என்பது. டச்சு சர்க்கார் கூடாது என்றது. அந்த வருஷக் கடைசியில் ஆஸ்திரேலியாவில் நடந்த அடுத்த கூட்டத்தில்தான் இந்தோனேசியாவைச் சேர்த்துக்கொண்டார்கள். 1949-ல் புரட்சி வென்ற பிறகு மக்கள் சீனத்துக்கு இதே சபையில் 1971 வரை நாற்காலி இல்லை. சியாங் கே ஷேக்கின் ஆள் உட்கார்ந்திருந்தான். ஆசியாவின் மிகப் பெரிய நாட்டை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு ஆசியப் பொருளாதாரம் பேசினார்கள்!

வாசலுக்கு வெளியே நின்றவனோடு துணிந்து வியாபாரம் பேசிய நாடு ஒன்று உண்டு. இலங்கை. 1952 டிசம்பரில் ரப்பர்-அரிசி ஒப்பந்தம் ஏற்பட்டது. வருஷத்துக்கு 50,000 டன் ரப்பரை இலங்கை கொடுக்கும், 2,70,000 டன் அரிசியைச் சீனா கொடுக்கும், ஐந்து வருஷத்துக்கு. ரப்பருக்குச் சந்தை விலையைவிட அதிகம் கிடைத்தது. கம்யூனிஸ்டு நாட்டுக்கு ரப்பர் விற்றதற்காக அமெரிக்கா தன் உதவியை இலங்கைக்கு மறுத்தது. அப்போது இலங்கையை ஆண்டவர்கள் கம்யூனிஸ்டுகள் அல்ல. டட்லி சேனநாயகாவின் ஐக்கிய தேசியக் கட்சி. பசித்த வயிறு அமெரிக்காவின் கண்ணுருட்டலுக்குப் பயப்படவில்லை. இரு நாடுகளுக்கும் ராஜ்ய உறவே 1957-ல்தான் ஏற்பட்டது. அதற்கு ஐந்து வருஷம் முன்னரே அரிசிக் கப்பல் கொழும்புக்கு வந்துவிட்டது. பிறகு இந்த ஏற்பாடு பல முறை புதுப்பிக்கப்பட்டுப் பல பத்து வருஷங்கள் நீடித்தது.

நல்ல ஒப்பந்தம். ஆனால் அந்த ரப்பர் மரத்தைச் சீவியவர்களில் தமிழகத்திலிருந்து போன தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் கணிசமாக இருந்தன. 1948 பிரஜா உரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியிருந்தது. அவர்கள் இறக்கிய பால் இரண்டு நாடுகளை நண்பர்களாக்கியது. அவர்களுக்கு ஓட்டுக்கூட இல்லை. சர்க்காருக்கும் சர்க்காருக்கும் நடக்கும் நல்ல ஒத்துழைப்பில்கூட உழைக்கிறவனுடைய இடம் தானாக வந்துவிடாது என்பதை மறக்கக்கூடாது.

1955 ஏப்ரலில் பாண்டுங் மாநாடு. ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் 29 கூடின. அதன் முடிவறிக்கையில் முதலில் வருவது பொருளாதார ஒத்துழைப்பு. நிபுணர்களை அனுப்புவது, பயிற்சியாளர்களை ஏற்பது, தொழில்நுணுக்கத்தைப் பகிர்ந்துகொள்வது எல்லாம் அதில் இருக்கின்றன. இந்தியாவும் அதில் பங்குகொண்டது, சீனாவும் பங்குகொண்டது. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருகிறேன்.

தெற்காசியாவுக்கென்று 1985-ல் டாக்காவில் தொடங்கிய சார்க் அமைப்பைப் பற்றி அதிகம் பேசுவதற்கில்லை. 2014-ல் காட்மாண்டுவில் நடந்ததே அதன் கடைசி உச்சி மாநாடு; 2016-ல் இஸ்லாமாபாத்தில் நடக்க வேண்டியது நின்றுபோயிற்று. தென்கிழக்காசிய நாடுகள் தங்கள் வர்த்தகத்தில் ஏறக்குறைய கால் பங்கைத் தங்களுக்குள்ளேயே நடத்துகின்றன. தெற்காசியாவில் அது நூற்றுக்கு ஐந்து. அடுத்த வீட்டுக்காரனோடு பேச்சு இல்லை; எட்டாத ஊர்க்காரனிடம் கடன்!

இப்போது மறுபடி போச்சம்பள்ளி காந்தத்துக்கு வருகிறேன்.

2025 ஏப்ரலில், அபூர்வ மண் தாதுக்கள் சிலவற்றையும் அவற்றால் செய்த காந்தங்களையும் வெளிநாட்டுக்கு அனுப்ப லைசென்ஸ் வேண்டும் என்று சீன சர்க்கார் உத்தரவு போட்டது. அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப் விதித்த சுங்க வரிகளுக்குப் பதிலடியாக வந்தது அது. ஆனால் இரண்டு யானைகள் மோதினால் நடுவிலே புல் மிதிபடும் அல்லவா? இந்தியாவில் வண்டிக் கம்பெனிகள் கலங்கின. ஆகஸ்டு மாதம் மின்சார வண்டி உற்பத்தியே நின்றுவிடலாம் என்று பஜாஜ் ஆட்டோ நிறுவனம் வெளிப்படையாகச் சொன்னது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு காந்தத் துண்டு வராவிட்டால் கன்வேயர் நிற்கும். கன்வேயர் நின்றால் நிரந்தரத் தொழிலாளிக்குப் பாதிச் சம்பளமாவது உண்டு. காண்டிராக்டில் இருக்கிற பெண்ணுக்கு? “நாளை வரவேண்டாம்” என்று போனில் ஒரு செய்தி, அவ்வளவுதான். ஊத்தங்கரையிலிருந்தும் திருப்பத்தூரிலிருந்தும் கம்பெனி பஸ்ஸில் வரும் பிள்ளைகளுக்கு, தங்கள் வேலை எந்த நாட்டு லைசென்ஸில் தொங்குகிறது என்பது தெரிய வேண்டாமா?

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் காந்தத்துக்கு வேண்டிய தாது நம் மண்ணிலேயே இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் இருக்கிறது. 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றுச் சரக்கில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து அதைக் கண்டுபிடித்தார். சுதந்திர இந்தியா 1950-லேயே இந்திய அபூர்வ மண் நிறுவனத்தை ஏற்படுத்தியது. 1952-ல் ஆலுவாயில் அதன் ஆலை வேலை தொடங்கியது. சீனா இந்தத் துறையில் தலையெடுப்பதற்கு வெகு காலம் முன்னரே! பிறகு என்ன ஆயிற்று? தாதுவைப் பிரித்தோம். உலோகமாக்கி, கலவையாக்கி, காந்தமாக்கும் அடுத்த படிகளை ஏறவில்லை. வெளியே மலிவாகக் கிடைக்கும்போது உள்ளே எதற்குச் செய்வது என்றார்கள். 2010-ல் சீனாவோடு கடல் எல்லைத் தகராறு வந்து ஜப்பானுக்கு இந்தத் தாது தட்டுப்பட்டபோது, ஜப்பான் ஓடி வந்து 2012-ல் நம்மோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. நம் தாது ஜப்பானுக்குப் போயிற்று. காந்தம் செய்யும் பக்குவம் ஜப்பானிலிருந்து நமக்கு வந்ததா? பட்டுப்புழு விஷயத்தில் பதினாறு வருஷம் உட்கார்ந்து கற்றுக்கொடுத்த அதே ஜப்பான்தான். தேய்கிற தொழிலைக் கற்றுக்கொடுப்பான். வளர்கிற தொழிலைப் பூட்டி வைப்பான்.

சீன சர்க்காரும் இதற்கு விலக்கல்ல. காந்தம் செய்யும் தொழில்நுணுக்கத்தை வெளிநாட்டுக்குக் கொடுப்பதை 2023 டிசம்பரில் அது தடை செய்தது. அமெரிக்கா நடத்தும் தொழில்நுணுக்க முற்றுகைக்கு அது சொல்லும் பதில் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் பாண்டுங்கில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த நாடு நம்மையும் அதே தராசில் நிறுத்துவது சரியல்ல என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு.

அதைச் சொல்லும் யோக்கியதை டெல்லிக்கு இருக்கிறதா என்பது வேறு கேள்வி. 2020 ஏப்ரலில், நில எல்லையுள்ள அண்டை நாடுகளிலிருந்து வரும் முதலீட்டுக்கெல்லாம் சர்க்கார் அனுமதி வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். அந்த ஜூனில் கல்வான் மோதல் நடந்தது. அதன் பின் சீன எஞ்சினீயர்களுக்கு விசா கிடைப்பதே பெரும்பாடு ஆயிற்று. சரி, சரக்கு நின்றதா? 2024-25-ல் சீனாவிலிருந்து நாம் இறக்குமதி செய்தது 11,300 கோடி டாலருக்கு மேல்! வாங்குவதை நிறுத்தவில்லை, தோழர்களே, கற்றுக்கொள்வதைத்தான் நிறுத்தினோம். முதலாளிக்குச் சரக்கு வந்தால் போதும். வித்தை வந்து இங்கே தங்க வேண்டும் என்ற கவலை அவனுக்கு எதற்கு? 2025-ல் தென்னிந்தியாவின் ஐபோன் ஆலைகளிலிருந்து நூற்றுக்கணக்கான சீன எஞ்சினீயர்கள் திரும்ப அழைக்கப்பட்டதாகப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. அவர்கள் விமானம் ஏறியபோது எவ்வளவு அனுபவமும் கூடவே ஏறிப் போனது!

இந்த வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலையில், பெயர் வேண்டாம், வேலை செய்யும் தங்கை ஒருத்தி என்னிடம் சொன்னாள்: “யந்திரத்தில் பிழை என்று சிவப்பு விளக்கு எரிந்தால் நாங்கள் தொடக்கூடாது அண்ணா. மேலே சொல்வோம். அவர்கள் வெளிநாட்டுக்குப் போன் போடுவார்கள். நாங்கள் கை கட்டி நிற்போம்.” அவள் டிப்ளமா படித்த பெண். இரண்டு வருஷமாக அதே யந்திரத்தின் முன் நிற்கிறாள். அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று ஒருவரும் அவளுக்குக் காட்டவில்லை. பட்டு மனையில் இருக்கும் அவளுடைய தாய்க்குப் புழுவின் ஒவ்வொரு உறக்கமும் தெரியும்.

கம்பெனிகளுக்கு இடையே நடக்கும் ஒத்துழைப்பில் வித்தை வரவே வராதா என்றால், அப்படியும் சொல்லமாட்டேன். எல்லைக்கு அப்பால் பெங்களூரில் பொதுத்துறை ஸ்தாபனமான எச்.எம்.டி. 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியிடம் கைக்கடிகாரம் செய்யக் கற்றுக்கொண்டது; இந்தியாவுக்கே நேரம் காட்டியது. அந்த எச்.எம்.டி. கடிகாரத் தொழிலை 2016-ல் மூட முடிவு செய்தது டெல்லி சர்க்கார். நிபுணத்துவம் வளர்த்த பொதுத்துறைக்கு அவர்கள் கொடுத்த பரிசு அது! ஓசூரில் டி.வி.எஸ். 1980-களில் சுசுகியோடு கூட்டு வைத்தது. 2001-ல் பிரிந்தபோது சொந்தமாக ஒரு மோட்டார் சைக்கிளை வடிவமைத்து விற்கும் அளவுக்கு அங்கே எஞ்சினீயர்களும் தொழிலாளர்களும் தேறியிருந்தார்கள். வெளிநாட்டுக் கம்பெனி தனியாக உள்ளே நுழைய முடியாமல், உள்நாட்டுக் கூட்டாளியும் உள்நாட்டுப் பாகமும் வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்திய காலத்தில் அந்தக் கூட்டு தொடங்கியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இன்று அந்தக் கட்டாயங்கள் பலவற்றை அவிழ்த்துவிட்டார்கள்.

ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார்: “ஆர்.சி.இ.பி. ஒப்பந்தத்தை நாம் எதிர்த்தோமே, இப்போது ஒத்துழைப்பு வேண்டும் என்கிறீர்களே?” நல்ல கேள்வி. 2019 நவம்பரில் பாங்காக்கில் இந்தியா அதில் சேராமல் விலகியது. நம் மாவட்டத்தில் இரண்டு மாடு வைத்துக்கொண்டு சொஸைட்டிக்குப் பால் ஊற்றும் குடும்பங்கள் எத்தனை! நியூஜிலாந்துப் பால் பவுடர் வரியில்லாமல் வந்து இறங்கினால் அவர்கள் கதி என்ன? 2010-ல் அமலுக்கு வந்த ஆசியான் ஒப்பந்தத்துக்குப் பின் ரப்பரிலும் மிளகிலும் பட்ட பாட்டைக் கேரள விவசாயியைக் கேளுங்கள். சுங்கச் சாவடியைத் திறந்துவிடுவதற்கு ஒத்துழைப்பு என்று பெயர் வைத்துவிட்டார்கள். 1952 ஒப்பந்தத்தில் இவ்வளவு ரப்பர், இவ்வளவு அரிசி, இன்ன விலை என்று இரு நாடுகளும் உட்கார்ந்து பேசி எழுதின. 1991 பட்டுத் திட்டத்தில் இன்ன வித்தையை இன்ன நிலையத்தில் இத்தனை வருஷத்துக்குள் கற்றுக்கொடுப்பது என்று இருந்தது. இந்த இரண்டையும் நாம் வரவேற்கிறோம். எதை எழுதிக் கையெழுத்திடுகிறார்கள் என்று பார்த்துத்தான் ஆதரிப்போம், எதிர்ப்போம்.

2025 நவம்பரில் மத்திய மந்திரி சபை 7,280 கோடி ரூபாயில் ஒரு திட்டத்துக்கு அனுமதி கொடுத்தது. வருஷத்துக்கு 6,000 டன் அபூர்வ மண் காந்தம் இந்தியாவிலேயே செய்வதற்கு. இப்போதாவது தோன்றியதே, சந்தோஷம். ஆனால் பணம் தனியார் கம்பெனிகளுக்கு ஊக்கத் தொகையாகப் போகிறது. அவர்கள் வெளிநாட்டிலிருந்து யந்திரத்தையும் சூத்திரத்தையும் வாங்கி வந்து பூட்டிவைத்தால், பத்து வருஷம் கழித்து நாம் மறுபடியும் இதே பேச்சைப் பேசிக்கொண்டிருப்போம். இன்னொன்று: தாது தோண்டப்போவது எங்கே? குமரி மாவட்டத்தில் கிள்ளியூர்ப் பக்கம் புதிதாக மணல் எடுக்கும் திட்டத்தை மீனவ மக்கள் எதிர்த்து நிற்கிறார்கள். கதிர்வீச்சு பயம், கடற்கரை அரிக்கும் பயம் அவர்களுக்கு. போச்சம்பள்ளியில் கன்வேயர் ஓட வேண்டும் என்பதற்காக அவர்கள் வாயை அடைத்துவிட்டு மணல் அள்ளு என்று நாம் சொல்ல முடியாது. அவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டியது நம் தொழிற்சங்கத்தின் கடமை. பழைய மோட்டார்களிலும் குப்பையாகும் மின்சாதனங்களிலும் இருக்கும் காந்தத்தை மீட்டெடுக்கும் தொழிலும் இருக்கிறது. அதற்கு யாருடைய கடற்கரையையும் தோண்ட வேண்டாம்.

ஆகவே மாவட்ட நிர்வாகத்துக்கும் தொழில் மந்திரிக்கும் கொடுக்க ஒரு மனு தயாரித்திருக்கிறோம். சிப்காட்டில் நிலமும் சலுகையும் பெறும் ஒவ்வொரு கம்பெனியும், வெளிநாட்டு யந்திரம் கொண்டுவந்தால் அதைப் பழுதுபார்க்கும் பயிற்சியை இங்கே உள்ள தொழிலாளர்களுக்குக் குறிப்பிட்ட காலத்துக்குள் கொடுத்து, சர்டிபிகேட் கொடுத்து, நிரந்தரமாக்க வேண்டும். இது நில ஒப்பந்தத்திலேயே ஷரத்தாக ஏற வேண்டும். பர்கூரில் சர்க்கார் எஞ்சினீயரிங் கல்லூரி 1994 முதல் இருக்கிறது. மோட்டார், பேட்டரி, காந்தம் இவற்றுக்கான ஆராய்ச்சிப் பிரிவை அங்கே ஏற்படுத்தி, ஜப்பானிலிருந்தோ கொரியாவிலிருந்தோ சீனாவிலிருந்தோ நிபுணர்களை சர்க்கார் உறவின் மூலம் அழைக்க வேண்டும். மைசூரில் பட்டுக்குச் செய்த மாதிரி. வேலை நிறுத்தப்படும் நாட்களுக்குக் காண்டிராக்ட் தொழிலாளிக்கும் சம்பளம் வேண்டும். பட்டுக்கூட்டுக்கு ஆதார விலை வேண்டும்; அந்தச் சுமை நெசவாளி தலையில் ஏறக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை நம் சந்தைக்கு நாலு திசையிலிருந்தும் ஜனங்கள் வருவார்கள். சந்தையின் மாட்டுப் பக்கத்தில் விவசாயிகள் சங்கத் தோழர்கள், பஸ் நிற்கும் பக்கத்தில் தொழிற்சங்கத் தோழர்கள் என்று பிரித்துக்கொண்டு காலை ஆறு மணிக்கே நின்றால் மதியத்துக்குள் இரண்டாயிரம் கையெழுத்துக்குக் குறையாது. கையெழுத்து வாங்கும்போது வெறுமனே பேனாவை நீட்டாதீர்கள். காந்தம் எங்கிருந்து வருகிறது, புழு எங்கிருந்து வந்தது என்று இரண்டு வார்த்தை சொல்லுங்கள். இப்போது மனுவைத் தோழர் ஒருவர் வாசிப்பார். திருத்தம் இருந்தால் சொல்லுங்கள். முக்கியமாக, ஷிப்டு முடிந்து நேரே வந்திருக்கும் தங்கைகள் முதலில் பேசட்டும். அவர்களுடைய பஸ் எட்டரைக்குப் போய்விடும்.